ஒரே துளி, இரண்டு நீதி

போமலினும் செறிந்த கந்தக அமிலமும் கலந்த ஒரு திரவம். 1896 இல் மார்க்கிஸ் என்பவர் இதனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஒரு துளியை மோர்பின் மீது விட்டால் ஊதாநிறம் தோன்றும். எக்ஸ்டஸி எனப்படும் எம்.டி.எம்.ஏ. மீது விட்டால் கருமை படரும்.

அமெரிக்கப் பொலிசாரின் பையில் இத்திரவம் இருந்தால் அது சட்டத்தின் கண். நிறம் மாறியதும் கைவிலங்கு விழும். அதே திரவம் போதைப்பொருள் உண்பவனின் பையில் இருந்தாலோ அது குற்றக் கருவி! 1979 இல் அந்நாட்டுப் போதைப்பொருள் தடுப்பு நிர்வாகம் மாநிலங்களுக்கென வரைந்த மாதிரிச் சட்டம், பொருளின் தூய்மையைச் சோதிக்கும் சாதனங்களையும் தடைப் பட்டியலிற் சேர்த்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதனைத் தழுவிச் சட்டம் இயற்றின. சிறையில் அடைப்பதற்கு இரசாயனம் வேண்டும். சாகாமல் இருப்பதற்கு வேண்டாம். இதுதானே இச்சட்டத்தின் பொருள்?

"சோதித்துக் கொடுத்தால் பழக்கத்துக்கு நாமே பாய் விரித்ததாகாதா?" என்பர் ஒழுக்கக் காவலர். அவர்களுக்கு நெதர்லாந்தைக் காட்டுவோம். அங்கே 1992 முதல் அரசின் ஆதரவுடன், மக்கள் தாம் வாங்கிய குளிசையைக் கொடுத்துச் சோதிப்பிக்க வழியுண்டு. 2014 டிசம்பரில் 'சூப்பர்மான்' சின்னம் பொறித்த இளஞ்சிவப்புக் குளிசையொன்று அவ்வாறு வந்தது. எக்ஸ்டஸி என்று விற்கப்பட்ட அதனுள் இருந்தது பி.எம்.எம்.ஏ. என்னும் நஞ்சு. இது மெதுவாகவே வேலை செய்யும். 'சரக்கு மட்டம்' என்று எண்ணி இன்னொன்றை விழுங்குவான் இளைஞன். பின்னர் உடல் கொதித்துச் சாவான். நாடெங்கும் உடனே எச்சரிக்கை பரப்பப்பட்டது. அக்குளிசையால் அங்கு மரணம் பதிவாகவில்லை. அதே நாட்களில், அதே சின்னமுள்ள குளிசைகளை உண்டு இங்கிலாந்தில் நால்வர் மாண்டனர். அவர்களைக் கொன்றது பழக்கம் மட்டுமா? அறியாமையுமன்றோ!

துளிச் சோதனையை நாம் சர்வரோக நிவாரணியாகக் கூற வரவில்லை. மார்க்கிஸ் திரவம் பி.எம்.எம்.ஏ. மீது ஏறக்குறைய நிறமே காட்டாது. எக்ஸ்டஸியை எதிர்பார்த்தவனுக்கு அந்த நிறமின்மையே எச்சரிக்கை. ஆனால் இரண்டும் கலந்திருந்தால் ஒன்றின் கருமை மற்றதை மறைத்துவிடும். எவ்வளவு இருக்கிறது என்பதையும் துளி சொல்லாது. ஆய்வுகூடமே அதைச் சொல்லும். ஆகவேதான் மக்கள் அச்சமின்றி நுழையக்கூடிய ஆய்வுகூடங்களைக் கேட்கிறோம். அவை இல்லாத இடத்தில், ஏழையின் கையிலிருக்கும் துளியையும் பறிப்பது எந்த நியாயம்?

மருந்துக் கடைக் குளிசையில் என்ன, எவ்வளவு என்று அட்டையில் அச்சிட்டாக வேண்டும் என்று சட்டம் செய்த அதே அரசுகள்தாம் இங்கே அறியாமையைச் சட்டமாக்கின.

2021 இல் அமெரிக்காவில் போதைப்பொருள் மிகையால் இறந்தோர் ஓர் இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரின் மரணத்தில் பெந்தனில் போன்ற செயற்கை அபின்வகைகள் சம்பந்தப்பட்டிருந்தன. சில மில்லிகிராமே ஓர் உயிருக்குப் போதும். பெந்தனில் உண்டா என்று காட்டும் சிறு தாளை வாங்க மத்திய அரசின் நிதியைச் செலவிடலாம் என்ற அனுமதி, அதே 2021 ஏப்ரலில்தான் வந்தது. தாளுக்கு விலை ஏறத்தாழ ஒரு டொலர். பல மாநிலங்கள் தம் தடையிலிருந்து அத்தாளை விலக்கியதும் பிணங்கள் குவிந்த பின்னரே.

அதே ஆண்டு நியூசிலாந்துப் பாராளுமன்றம், போதைப்பொருளைச் சோதித்துக் கூறும் சேவையை நிரந்தரமாகச் சட்டபூர்வமாக்கியது. அங்கே சோதிப்பவனும் குற்றவாளியல்லன். சோதிக்கக் கொண்டுவருபவனைப் பிடிக்கப் பொலிசார் வாசலில் காத்திருப்பதுமில்லை.