ஓயாவுக்கு ஒரு கரை வேண்டும்

பொகவந்தலாவை மலைகளிற் பெய்யும் மழை கெசல்கமு ஓயாவாகத் திரண்டு, நோர்வூட்டைக் கடந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கு தேங்கும் நீர் 1965ஆம் ஆண்டு முதல் விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்கி நாட்டுக்கு ஒளி தருகின்றது. பின்னர் மஸ்கெலியா ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிக் கொழும்பு செல்கின்றது. ஆறு ஒன்று, கரையில் வாழ்வோருக்குக் கிட்டும் நீதியோ இரண்டு.

கொழும்பைக் காக்கக் களனிக் கரையில் மண் அணைகள் எழுந்தன. 1924ஆம் ஆண்டிலேயே வெள்ளத் தடுப்புக்கெனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆற்றின் தலைமாட்டில் உள்ள லயங்களில் வெள்ளம் புகுந்தாலோ, பாடசாலை மண்டபமும் உணவுப் பொட்டலமுமே பரிகாரம்! நீர் வடிந்ததும் மக்கள் அதே சேற்றுக்குத் திரும்ப வேண்டும்.

இந்நிலைக்குச் சட்டமும் துணைநின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை நீக்கியது. அதே ஆண்டில் நோர்வூட்டுக்குத் தனிப் பிரதேச சபையும் கிடைத்தது. ஆகவே, ‘சட்டம் இடந்தராது’ என்னும் சாக்கு இனிச் செல்லாது. நிலம் அரசினுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது, வாக்குக் கேட்பது சபை. மூவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டித் தப்புவதை எத்தனை மாரிக்குப் பொறுப்பது?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மண்ணைக் குவித்து நாடா வெட்டினால் அணையாகிவிடாது. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறத்தல் தகாது. கட்டின் மேலாக வழியும் நீர் மண்ணை அரிக்கும். உள்ளே கசியும் நீர் மண்ணைக் கடத்தும். எலி வளையும் மர வேரும் அதற்கு வழிகாட்டும். இதனை உழவர் நன்கறிவர். மலைச்சரிவிலிருந்து வரும் நீர் அணைக்கு உட்புறம் தேங்காதிருக்க மதகு வேண்டும். ஒரு கரையை உயர்த்தினால் எதிர்க்கரை மூழ்குமா என்பதையும் முன்கூட்டி ஆராய வேண்டும்.

எனவே நாம் கோருவது இதுவே: நீர்ப்பாசனத் திணைக்களம் ஓயாவை அளந்து திட்டம் வகுக்கட்டும், அரசும் கம்பனிகளும் செலவை ஏற்கட்டும், சபை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு நிதி ஒதுக்கட்டும். அணையால் காக்கவியலாத இடத்திலுள்ள குடும்பங்களுக்கு மேட்டு நிலத்தில் உறுதியுடன் காணி வழங்கட்டும். அணை காணியுரிமைக்கு ஈடாகாது.

இவை சலுகைகளல்ல. தலைநகர் மக்களுக்கு நூறாண்டுக்கு முன் ஒப்புக்கொள்ளப்பட்ட உரிமையையே, அவ்வாற்றின் ஊற்றுக்கண்ணில் உழைப்போர் இன்று கேட்கின்றனர்.