மாசத்துக்கு எத்தனை நாள் பாஸ்?

முதல்ல ஒரு சின்ன க்விஸ். ஒரு மாசத்துக்கு எத்தனை நாள்? முப்பது, முப்பத்தொண்ணு, பிப்ரவரின்னா மட்டும் 28-னு நீங்க சொன்னா, இன்னும் ரெண்டாம் கிளாஸ் பாடத்தையே நம்பிக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். உங்க செல்போன் கம்பெனியைக் கேட்டுப் பாருங்க. வருஷம் பூரா பிப்ரவரிதான்!

நம்ம பஞ்சாங்கத்துலகூட இப்படி ஒரு மாசம் கிடையாது. இருக்கிறதுலயே குட்டி மாசம் மார்கழி. அதுக்கே 29 நாளாவது கொடுத்திருக்காங்க. ஆனிக்கு சில வருஷம் 32 நாள்கூட வரும். கிரகம் பார்த்துக் கணிச்சவங்க தாராளமாத்தான் இருந்திருக்காங்க. டவர் வெச்சுக் கணிக்கிறவங்ககிட்டதான் இந்தக் கஞ்சத்தனம்.

இப்ப எதுக்கு இந்தப் புலம்பல்னா, 'ரீசார்ஜ் கட்டணம் மறுபடி ஏறப்போகுது'ங்கிற பேச்சு அடிக்கடி தலைகாட்டுதே, அதுக்காகத்தான். அந்தச் செய்தி வந்ததும் நாமெல்லாம் "எவ்வளவு ஏத்துவாங்க?"ன்னு பதறுவோம். ஆனா விலையை ஏத்தாமலே ஏத்துறதுல நம்ம கம்பெனிங்க டாக்டரேட் வாங்கினவங்க. 2025 ஆகஸ்ட்டை ஞாபகப்படுத்திப் பாருங்க. தினமும் 1 ஜி.பி தர்ற 249 ரூபாய் பிளானை முதல்ல ஜியோ தூக்குச்சு. அடுத்த சில நாள்லயே ஏர்டெல்லும் தூக்கிடுச்சு. ஆப்ல தேடினா ஆளைக் காணோம். தினசரி டேட்டா வேணுமா, 299-ல இருந்து ஆரம்பிங்கன்னு ஆகிடுச்சு. விலையேற்றம்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலை. ஹோட்டல்ல இட்லியை மெனுவுல இருந்து எடுத்துட்டு, "நெய் ரோஸ்ட் விலையை நாங்க ஏத்தவே இல்லையே சார்"னு சர்வர் சிரிச்சா எப்படி இருக்கும்? அதேதான்.

சரி, கணக்குக்கு வருவோம். பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான்.

365-ஐ 28-ஆல வகுத்தா 13 வரும், ஒரு நாள் மிச்சம். அதாவது வருஷத்துக்கு 12 தடவை சம்பளம் வாங்குற நீங்க 13 தடவை ரீசார்ஜ் பண்றீங்க. 299 ரூபாய் பிளான்னா வருஷத்துக்கு 3,887 ரூபாய். 12 மாசக் கணக்குல போட்டா 3,588-தான். வீட்ல நாலு போன் இருந்தா, காலண்டர்லயே இல்லாத அந்தப் பதிமூணாவது மாசத்துக்கு மட்டும் 1,196 ரூபாய் கட்டுறீங்க. வீட்டு ஓனர்கூட 13-வது மாச வாடகை கேட்க மாட்டார். ஆவின் கார்டுக்கு மாசம்னா மாசம்தான். கரன்ட் பில்லுக்கு ரெண்டு மாசம்னா ரெண்டு மாசம்தான்.

இதை யாரும் தட்டிக் கேட்கலையான்னா, கேட்டாங்க. 2022 ஜனவரியில 'டிராய்' ஒரு உத்தரவு போட்டுச்சு. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் வேலிடிட்டியோட ஒண்ணு, மாசாமாசம் அதே தேதியில ரீசார்ஜ் பண்ற மாதிரி ஒண்ணுன்னு பிளான் வெச்சே ஆகணும்னு சொல்லுச்சு. நாமளும் சந்தோஷமா கைதட்டினோம். அதுக்கு அப்புறம் நடந்ததுதான் நல்ல காமெடி.

உத்தரவுப்படி 2022 மார்ச்ல ஜியோ ஒரு 'காலண்டர் மாத' பிளானை இறக்குச்சு. விலை 259 ரூபாய், தினமும் 1.5 ஜி.பி. அப்போ அதே 1.5 ஜி.பி-க்கு 28 நாள் பிளான் 239 ரூபாய். இப்ப பேனாவை எடுங்க. 259-ஐ 12-ஆல பெருக்கினா 3,108. 239-ஐ 13-ஆல பெருக்கினா 3,107. ஒரு ரூபாய் வித்தியாசம்! இப்படி நூல் பிடிச்ச மாதிரி வர்றதை நான் தற்செயல்னு நம்பத் தயாரா இல்லை. மாசத்துக்கு ரெண்டு, மூணு நாள் கூட கிடைச்சுது, உண்மைதான். ஆனா அதுக்கான காசும் உள்ள வந்துடுச்சு. பதிமூணாவது ரீசார்ஜை நிறுத்தச் சொன்னா, அதைப் பன்னிரண்டு துண்டா நறுக்கி மத்த பன்னிரண்டுலயும் சேர்த்துட்டாங்க. கறிவேப்பிலை பிடிக்காதுன்னு சொன்ன பிள்ளைக்கு அதை அரைச்சுச் சட்னியில கலந்து கொடுக்கிற அம்மா டெக்னிக்.

கம்பெனிங்க சொல்ற நியாயம் ஒண்ணு இருக்கு. 28 நாள்ங்கிறது சரியா நாலு வாரம். 56, 84 எல்லாமே ஏழோட மடங்கு. ஞாயித்துக்கிழமை போட்டா ஞாயித்துக்கிழமைதான் முடியும், ஞாபகம் வெச்சுக்க வசதியாம். சரி, ஒரு பேச்சுக்கு ஒத்துக்குவோம். அப்புறம் ஏன் பாஸ் 24 நாள் பிளான் வந்துச்சு? 22 நாள் பிளான் எந்த வாய்ப்பாட்டுல வருது? ஏழாம் வாய்ப்பாடு எனக்குத் தெரிஞ்சு அப்படி இல்லை.

இதைவிட எனக்குக் கடுப்பேத்துற விஷயம் போஸ்ட்பெய்டு. அதே கம்பெனி, அதே டவர், அதே சிம். ஆனா போஸ்ட்பெய்டு ஆளுக்கு மாசம் ஒரு பில், வருஷத்துக்கு 12 பில். அப்போ அவங்க கம்ப்யூட்டருக்கு மாசம்னா என்னன்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு! முன்கூட்டியே காசு கொடுக்கிற ப்ரீபெய்டு ஆளைப் பார்த்தா மட்டும்தான் மறந்துபோகுது. நம்ம நாட்டுல பத்துல ஒன்பது பேர் ப்ரீபெய்டு. கடன் சொல்லாம காசை முன்னாடி வைக்கிறவனுக்குத்தான் நாள் குறைச்சல்னா, அண்ணாச்சி கடையில சண்டையே வந்திருக்கும்.

ஒரு விஷயத்துல நியாயமா இருக்கணும். டேட்டா விலையில நமக்குக் குறை சொல்ல வாயில்லை. பத்து வருஷத்துக்கு முன்னாடி மாசத்துக்கு 1 ஜி.பி-யை 250 ரூபாய்க்கு வாங்கி, ஒரு போட்டோ டவுன்லோடு ஆகுறதுக்குள்ள வை-ஃபை இருக்கிற ஃப்ரெண்ட் வீட்டுக்கு ஓடினவங்கதான் நாம. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்த பிறகு எல்லாம் தலைகீழ். இன்னைக்கு ரீல்ஸ் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல்தான் தேயுது, டேட்டா தேயலை. டவருக்கும் அலைக்கற்றைக்கும் கோடி கோடியா கொட்டியிருக்காங்க, லாபம் பார்க்க ஆசைப்படுறதும் தப்பில்லை. விலையை ஏத்தணும்னா ஏத்துங்க, 2024 ஜூலையில ஏத்தின மாதிரி நேரடியா சொல்லிட்டு ஏத்துங்க. அன்னைக்கு நம்ம ஜனங்களும் நேரடியாவே பதில் சொன்னாங்க. அந்த ஒரே மாசத்துல பி.எஸ்.என்.எல்-லுக்குக் கிட்டத்தட்ட 29 லட்சம் பேர் கூடினாங்க. விலையைச் சொன்னா நாமளும் யோசிச்சு முடிவெடுக்கலாம். நாளைத் திருடினா எதை வெச்சு யோசிக்கிறது?

இதுவரைக்கும் பேசினது நம்மளை மாதிரி ஆளுங்க கதை. பதிமூணாவது ரீசார்ஜ் நமக்கு ஒரு எரிச்சல், அவ்வளவுதான். ரெண்டு பிரியாணி குறைஞ்சா சரியாப்போகும். ஊர்ல பட்டன் போன் வெச்சிருக்கிற உங்க அப்பாயியை, அம்மாச்சியை நினைச்சுப் பாருங்க. அவங்களுக்கு நெட் வேண்டாம், ரீல்ஸ் வேண்டாம். அவங்க யாருக்கும் போன் பண்றதுகூட இல்லை. நீங்க கூப்பிட்டா எடுக்கணும், பேங்க்ல இருந்து மெசேஜ் வந்தா பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட காட்டணும். அவ்வளவுதான் அந்த போனோட வேலை.

2003 மே மாசத்துக்கு முன்னாடி இன்கமிங் காலுக்கும் காசு கட்டினோம், ஞாபகம் இருக்கா? யார் கூப்பிட்டாலும் எடுக்கப் பயந்து, நம்பரைப் பார்த்துட்டு லேண்ட்லைனுக்கு ஓடுவோம். அப்புறம் இன்கமிங் ஃப்ரீ ஆச்சு. அதுக்குப் பிறகுதான் கட்டடத் தொழிலாளி, பூக்காரம்மா, மீன்காரர் எல்லார் கையிலயும் போன் வந்துச்சு. 10 ரூபாய்க்கு டாப்-அப், பொங்கலுக்கு ஃபுல் டாக் டைம், மிச்ச நாளெல்லாம் மிஸ்டு கால். ஒரு ரிங் விட்டா 'கிளம்பிட்டேன்', ரெண்டு ரிங் விட்டா 'பஸ் ஸ்டாண்டுக்கு வா'. பைசா செலவில்லாம குடும்பம் நடத்தின தலைமுறை நாம.

2018 கடைசியில ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் இதுக்கு முற்றுப்புள்ளி வெச்சாங்க. 28 நாளுக்குக் குறைஞ்சது 35 ரூபாய் ரீசார்ஜ் பண்ணாத்தான் இணைப்பு உயிரோட இருக்கும்னாங்க. பேலன்ஸ்ல 100 ரூபாய் சும்மா கிடந்தாலும் கதை அதுதான். அந்த 35 படிப்படியா ஏறி 99, 155-னு போய், 2024 ஜூலையில ஏர்டெல்ல 199-ல வந்து நின்னுச்சு. இன்கமிங் இன்னைக்கும் 'ஃப்ரீ'தான். கதவு வாடகை மட்டும் தனி.

இதுல ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டுல முதியோர் உதவித்தொகை மாசம் 1,200 ரூபாய். அது காலண்டர் மாசத்துக்கு வர்ற பணம், வருஷத்துக்கு 12 தடவை. அந்தப் பணம் வந்திருச்சான்னு சொல்ற மெசேஜ் வர்றதுக்கு வேணுங்கிற ரீசார்ஜ், வருஷத்துக்கு 13 தடவை. மாசக் காசுல இருந்து 28 நாள் செலவை எடுத்துக் கட்டுற அந்தப் பாட்டிக்கு வருஷத்துல ஒரு தடவை நிச்சயமா இடிக்கும். நம்பர் போச்சுன்னா இப்ப வெறும் நம்பர் மட்டுமா போகுது? ரேஷன் கடை மெசேஜ், பேங்க் ஓ.டி.பி, ஆதார், கேஸ் புக்கிங் எல்லாம் அதுலதான் தொங்குது. போன் ஆடம்பரமா இருந்த காலத்துல போட்ட வியாபார விதியை, போன் அடையாள அட்டையா மாறின காலத்துலயும் இழுத்துட்டு வர்றாங்க. என்னோட கோபம் அங்கதான்.

இந்த இடத்துல "20 ரூபாய் போதுமாமே?"ன்னு நீங்க கேட்பீங்க. 2025 ஜனவரியில வாட்ஸ்அப் பூரா சுத்துச்சே அந்தச் செய்தி, ஏதோ புது விதி மாதிரி. அது 2013-லயே வந்த விதி. 90 நாள் போனை எதுக்கும் பயன்படுத்தாம இருந்தா நம்பரை எடுத்துடலாம். ஆனா கணக்குல 20 ரூபாய் இருந்தா அதைக் கழிச்சுக்கிட்டு இன்னும் 30 நாள் வெச்சிருக்கணும். அந்த 20 ரூபாய் காப்பாத்துறது நம்பரை மட்டும்தான். கால் வராது, பேச முடியாது. ஐ.சி.யூ-வுல மூச்சு மட்டும் ஓடுற மாதிரி.

அப்புறம் 2024 டிசம்பர்ல டிராய் இன்னொரு நல்ல காரியம் பண்ணுச்சு. டேட்டா வேண்டாதவங்க தலையில டேட்டாவைக் கட்டாதீங்க, பேச்சும் எஸ்.எம்.எஸ்-ஸும் மட்டும் உள்ள பிளான் கொடுங்கன்னு சொல்லுச்சு. ஆஹா, அப்பாயிக்கு விடிவுகாலம்னு பார்த்தா, கம்பெனிங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஜியோவுல 84 நாளுக்கு 6 ஜி.பி-யோட 479 ரூபாய்க்கு ஒரு பிளான் இருந்துச்சு. டேட்டாவே இல்லாத புது பிளான் 458 ரூபாய். 21 ரூபாய் தள்ளுபடி! ஏர்டெல் அதுக்கும் மேல. 509 ரூபாய் பிளான்ல இருந்த 6 ஜி.பி-யை உருவிட்டு 499-க்குக் கொடுத்துச்சு. சாம்பார் வேண்டாம், ரசம் வேண்டாம், வெறும் சோறு போதும்னா "சரி சார், ஃபுல் மீல்ஸ்ல பத்து ரூபாய் குறைச்சுக்கிறேன்"ங்கிற கணக்கு. டிராய், "இந்த விலைகளை நாங்க ஆராயப்போறோம்"னு லேசா தொண்டையைச் செருமின பிறகுதான் 458 என்பது 448 ஆச்சு, 499 என்பது 469 ஆச்சு. கவனிச்சீங்களா, அதுலயும் 84 நாள். மூணு மாசம் இல்லை, மூணு இருபத்தெட்டு.

என்னைக் கேட்டா தீர்வு ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. கடையில அரிசிக்குக் கிலோ விலை எழுதுற மாதிரி ஒவ்வொரு பிளான் பக்கத்துலயும் 'ஒரு நாளைக்கு இவ்வளவு'ன்னு கொட்டை எழுத்துல போடச் சொல்லணும். 299-ஐ 28-ஆல வகுத்தா நாளைக்கு 10 ரூபாய் 68 காசு. அது போட்டா 24 நாளும் 22 நாளும் தானா வெளிச்சத்துக்கு வந்துடும். வேறெதுவும் வேண்டாம், இன்கமிங்குக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகைன்னு ஒரு பிளான் கட்டாயமாக்கணும். அதுவரைக்கும் உங்க அம்மாச்சி போனுக்கு நீங்களே வருஷ பிளானைப் போட்டு விடுங்க. போடும்போது 365-ஆ 336-ஆன்னு கண்ணாடி போட்டுப் பாருங்க. 'வருஷ பிளான்'னு நாம நினைச்சுக்கிட்டுப் போடுறதுல 336 நாள் பிளானும் ஒளிஞ்சிருக்கு. அது பன்னிரண்டு இருபத்தெட்டு.

அப்புறம், ஜியோ பங்குச் சந்தைக்கு வரப்போகுதுன்னு 2025 ஆகஸ்ட்ல அம்பானியே அறிவிச்சார், ஞாபகம் இருக்கும். ஷேர் போடலாம்னு உங்களுக்கு ஒரு ஆசை இருந்தா நல்ல சேதி சொல்றேன். முதலீட்டாளர்களுக்குக் காலாண்டுக்கு ஒரு தடவை கம்பெனிங்க லாபக் கணக்கு காட்டியே ஆகணும். காலாண்டுன்னா அங்க முழுசா மூணு மாசம். 84 நாள்ல கணக்கை முடிச்சுட்டு "வேலிடிட்டி ஓவர்"னு எழுந்து போக முடியாது.