நோயின் மொழியும் நூலின் மொழியும்

சிற்றூர் ஒன்றின் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காலை நேரம். அறுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பயிற்சிச் செவிலியின் எதிரே அமர்கிறார். "நெஞ்சைக் கரிக்குது தாயி, பாரம் ஏத்தி வச்ச மாதிரி இருக்கு" என்கிறார். எதிரே இருக்கும் மாணவி, இதயத்தையும் நுரையீரலையும் பற்றிக் கிரேக்கமும் இலத்தீனும் கலந்த நூற்றுக்கணக்கான சொற்களை மனப்பாடம் செய்தவர். மயோகார்டியம், பெரிகார்டியம், டாக்கிகார்டியா, டிஸ்ப்னியா என எதைக் கேட்டாலும் தயங்காமல் பொருள் கூறுவார். ஆனால் 'கரிக்குது' என்னும் சொல்லைப் பதிவேட்டின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. நெஞ்செரிச்சல் என எழுதினால் மூதாட்டி இரைப்பைக்கான மாத்திரையோடு வீடு திரும்புவார். 'பாரம்' என்னும் சொல் காதில் விழுந்தால் உடனே ஈசிஜி எடுக்கப்படும். முதியவர்களிடத்தும் பெண்களிடத்தும் நீரிழிவு உள்ளவர்களிடத்தும் மாரடைப்பு பல வேளைகளில் கடும் வலியாக வெளிப்படுவதில்லை; எரிச்சலாகவும் குமட்டலாகவும் மூச்சிரைப்பாகவும் வேடமிட்டு வருகிறது.

மருத்துவக் கலைச்சொற்களைக் கற்பிக்கும் இன்றைய முறை ஒருவழிப் பாதையாக இருக்கிறது. நூலிலிருந்து மாணவருக்குச் சொல் வருகிறது. மாணவரிடமிருந்து நோயாளிக்குச் செல்வதில்லை. நோயாளியின் வாயிலிருந்து நூலுக்குத் திரும்புவதும் இல்லை. இக்குறையை ஆங்கில வழிக் கல்வியின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தமிழ்க் கலைச்சொற்களும் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அடுத்த நிரலில் அச்சிடப்பட்டுத் தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகின்றன.

கையால் தொட்டு வைத்த பெயர்கள்

தமிழில் உடலுறுப்புகளின் பெயர்களை ஒருகணம் நின்று நோக்க வேண்டும். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் மூன்றும் தொட்டுப் பார்த்துப் பெயரிட்டவை போல் தோன்றுகின்றன. இறுகிக் கனத்தது கல். எளிதில் நொறுங்குவது மண். காற்றை உள்ளடக்கி மென்மையாய் அமுங்குவது நுரை. நுரையீரலை அறுத்துப் பார்த்தால் கோடிக்கணக்கான நுண்ணறைகள் காற்றுக் குமிழிகளாக நிறைந்திருக்கின்றன. முப்பது கோடிக்கும் குறையாத அந்த நுண்ணறைகளின் மெல்லிய சுவர் வழியேதான் ஆக்சிஜன் குருதிக்குள் நுழைகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. நுரை என்ற ஒரு சொல்லை ஆசிரியர் பிரித்துக் காட்டினால் பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது.

உதரவிதானம் என்பது மற்றொன்று. உதரம் என்பது வயிறு. விதானம் என்பது மேற்கட்டி. கோயில் விழாவிலும் திருமண மேடையிலும் தலைக்குமேல் கட்டப்படும் துணிவிதானம் போல, வயிற்றின்மேல் வளைந்து நிற்கும் தசை அது. மூச்சை உள்ளிழுக்கும்போது விதானம் கீழிறங்குகிறது, மார்புக்கூடு விரிகிறது, காற்று தானாகவே உள்ளே வருகிறது. ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் தடுப்புச் சுவர் என்பதே. வடிவத்தைக் காட்டும் திறம் அச்சொல்லுக்கு இல்லை. வடமொழி வழி வந்த சொல்லாயினும் உதரவிதானம் தமிழ் மாணவரின் கண்ணுக்குப் படமாகிறது. இத்தகைய சொற்களை வெறும் மொழிபெயர்ப்பாகக் கருதி ஒதுக்குவது வீண் இழப்பு.

நல்ல இரத்தம், கெட்ட இரத்தம்

படமாகும் சொற்கள் இருப்பது போலவே வழிதவறச் செய்யும் விளக்கங்களும் உள்ளன. தமனி நல்ல இரத்தத்தைக் கொண்டு செல்லும், சிரை கெட்ட இரத்தத்தைக் கொண்டுவரும் என்று பள்ளி வகுப்புகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நினைவில் நிற்க எளிதான இவ்விளக்கம் நுரையீரலின் வாசலில் பொய்த்துப்போகிறது. இதயத்தின் வலக் கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த குருதி. நுரையீரலிலிருந்து இட மேலறைக்குத் திரும்பும் சிரைகளில் ஓடுவது ஆக்சிஜன் நிறைந்த குருதி. 'நல்ல', 'கெட்ட' என்னும் அடைகளைப் பிடித்துக்கொண்ட மாணவர் இங்கே குழம்பி, இதை ஒரு விதிவிலக்காக மனப்பாடம் செய்கிறார். உண்மையில் விதிவிலக்கே இல்லை. இதயத்திலிருந்து புறப்படுவது தமனி. இதயத்தை நோக்கி வருவது சிரை. திசையே வரையறை. ஓடும் குருதியின் தன்மை அன்று.

இத்தவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலத்தில் தமனியைக் குறிக்கும் சொல் கிரேக்கத்தில் மூச்சுக்குழலையும் குறித்தது. இறந்த உடலை அறுத்தவர்கள் தமனிகள் வெறுமையாய்க் கிடக்கக் கண்டு, அவற்றில் காற்று ஓடுவதாக எண்ணினர். தமனி என்னும் வடசொல்லின் வேரும் ஊதுதல் என்னும் பொருளுடையது. வில்லியம் ஹார்வி 1628இல் குருதி சுற்றோட்டமாக ஓடுகிறது என்று நூல் எழுதி நிறுவினார். ஆனால் தமனியின் முடிவும் சிரையின் தொடக்கமும் எங்கே கூடுகின்றன என்பதை அவரால் கண்ணால் காட்ட இயலவில்லை. 1661இல் மால்பீஜி நுண்ணோக்கியின் துணையோடு தவளையின் நுரையீரலில் அந்த இணைப்பைக் கண்டார். அதற்குத் தந்துகி என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெயரிட்டுள்ளன. தந்து என்றால் நூல். நூலிழை போன்ற குழாய் என்னும் பொருள் அதில் பொதிந்திருக்கிறது. சொல்லின் வரலாற்றைச் சொன்னால் அறிவியலின் வரலாறும் உடன் வருகிறது. அதற்கு வகுப்பில் ஐந்து மணித்துளிகளே போதும்.

இரு கரைத் தமிழ்

தமிழ்நாட்டு மாணவர் தமனி, சிரை என்று படிக்கும் அதே பாடத்தை இலங்கை மாணவர் நாடி, நாளம் என்று படிக்கிறார். இங்கே மேலறை, கீழறை. அங்கே சோணையறை, இதயவறை. இங்கே மூச்சுக்குழல், அங்கே வாதனாளி. தமிழ்நாட்டில் நாடி என்பது மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கும் துடிப்பு. நாளம் என்பதோ, நாளமில்லாச் சுரப்பி என்னும்போது சுரப்பியின் குழாய். ஒரே மொழியில் ஒரே சொல் இரு கரைகளிலும் இரு பொருள் தருவது, பாக்கு நீரிணையைக் கடந்து செல்லும் செவிலியருக்கும் நூலாசிரியருக்கும் இடர் தரும். இவற்றுள் ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்த முயல்வதில் பயனில்லை. இரண்டையும் பாடநூலில் அடுத்தடுத்துத் தருவது எளிது. அதைக்கூடச் செய்யாமல் இருப்பது சோம்பலே.

இலங்கையின் சொல்மரபுக்குப் பின்னால் ஒரு பெரும் உழைப்பு உண்டு. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் ஊரை விட்டு வேறு பதவிகளுக்குச் செல்வதைக் கண்ட அவர், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மேலைநாட்டு மருத்துவ நூல்களை மாணவர் துணையோடு தமிழாக்கினார். உடற்கூற்றியல் நூலுக்கு மனுஷ அங்காதிபாதம் என்று பெயர் அமைந்தது. தலைவியை முடி முதல் அடி வரை பாடும் கேசாதிபாத மரபின் ஓசை அப்பெயரில் கேட்கிறது. அவர்காலச் சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. இருப்பினும், அறுவைக் கத்தியை ஏந்திய கை தமிழிலும் சிந்திக்க இயலும் என்பதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய சான்று மானிப்பாயில் இருக்கிறது.

அடைப்பும் நிறுத்தமும்

கலைச்சொல்லின் உண்மையான தேவை எங்கே எழுகிறது என்பதை மாரடைப்பு என்னும் சொல் காட்டும். இதயத்தசைக்குக் குருதி ஊட்டும் தமனியில் அடைப்பு ஏற்பட்டு, தசையின் ஒரு பகுதி ஆக்சிஜனின்றி அழியத் தொடங்குவது மாரடைப்பு. 'அடைப்பு' என்னும் சொல் நோயின் காரணத்தையே சொல்வதால் இது மிகச் சிறந்த கலைச்சொல். ஆனால் பேச்சிலும் செய்தித்தாளிலும் வேறு இரண்டு நிலைகளும் இதே பெயரால் அழைக்கப்படுகின்றன. இதயம் திடீரெனக் குருதியைச் செலுத்தாமல் ஓய்ந்துவிடுவது ஒன்று; அது இதய நிறுத்தம். இதயம் நாளடைவில் வலுவிழந்து, கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறுவது மற்றொன்று. அது இதயச் செயலிழப்பு.

மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார். அவரை நடக்கவிடாமல் அமர்த்தி 108 ஊர்தியை அழைத்து விரைந்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். இதயம் நின்றவரோ நினைவிழந்து சாய்ந்துவிடுவார். இயல்பான மூச்சும் இராது. உதவிக்கு அழைத்த கையோடு அவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறையாமல் அழுத்தத் தொடங்க வேண்டும். சில நிமிடங்கள் கடந்தால் மூளை பழுதடையும். எல்லாமே மாரடைப்பு என்று அறிந்த ஊரில், சாய்ந்தவரைச் சுற்றி நின்று ஊர்திக்காகக் காத்திருப்பார்கள். மார்பில் கை வைக்க எவருக்கும் தோன்றாது. இதய நிறுத்தம் என்னும் சொல் நாளிதழ்களில் சரியாக வழங்குமானால், அந்த வேறுபாடு பத்தாண்டில் தெருவுக்கும் வந்து சேரும்.

இரத்தக் கொதிப்பு என்னும் வழக்கும் இத்தகையதே. கோபப்பட்டால் கொதிக்கும், அமைதியாக இருந்தால் அடங்கும் என்னும் கற்பனையை அது வளர்க்கிறது. மிகை இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. கொதிப்பு இல்லை என்று எண்ணி மாத்திரையை நிறுத்துவோர் பலர். ('எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது' என்று சொல்வதும் வேடிக்கைதான்; அது இல்லாதவர் உயிரோடு இல்லை.)

மூச்சு என்னும் சொற்கடல்

நுரையீரலைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழானது. இங்கே மருத்துவரிடம் சொல் குறைவு, மக்களிடம் மிகுதி. டிஸ்ப்னியா என்று நூல் ஒரே சொல்லில் அடக்குவதை மக்கள் மூச்சு வாங்குது, இளைக்குது, இரைக்குது, திணறுது, முட்டுது எனப் பிரித்துச் சொல்கின்றனர். மாடியேறினால் மூச்சு வாங்குவது வேறு. நள்ளிரவில் எழுந்து அமர்ந்து திணறுவது வேறு. பின்னது இதயத்தின் நோயையும் சுட்டலாம். இந்நுட்பங்களைக் கேட்டறியப் பழகாத மாணவர், நோயாளி தந்த செய்தியின் பாதியை இழக்கிறார். இழுப்பு என்றால் சில இடங்களில் ஆஸ்துமா. வேறு இடங்களில் வலிப்பு. 'பிள்ளைக்கு இழுப்பு' என்று தொலைபேசியில் கேட்கும் ஊழியர் இன்னொரு கேள்வி கேட்காமல் இருக்கக்கூடாது.

எக்ஸ்ரே அறையில் 'மூச்சு விடுங்க' என்னும் கட்டளையையும் எண்ணிப் பார்க்கலாம். தமிழில் மூச்சு விடுதல் என்பது சுவாசித்தலையும் குறிக்கும். காற்றை வெளியேற்றுதலையும் குறிக்கும். மார்புப் படமோ காற்றை நிறைய உள்ளிழுத்து அடக்கிய நிலையில் எடுக்கப்பட வேண்டியது. காசநோய் ஆய்வுக்குச் 'சளி கொண்டு வாருங்கள்' என்று குப்பியைக் கொடுப்பதும் அவ்வாறே. சளி என்றால் மூக்கொழுகலும் சளிதான். பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகின்றனர். கிருமி நெஞ்சிலேயே தங்கிவிட, ஆய்வு 'இல்லை' என்று சொல்கிறது. 'ஆழமாக மூச்சிழுத்து, இருமி, நெஞ்சிலிருந்து காறி எடுத்தது' என்று சொல்ல ஒரு கலைச்சொல்லும் தேவையில்லை. ஒரு வாக்கியம் போதும்.

எதிர்வாதமும் விடையும்

உலகெங்கும் மருத்துவம் ஆங்கிலத்தில் பேசப்படும்போது தமிழ்ச் சொற்கள் மாணவருக்கு இரட்டைச் சுமை என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. மருந்துச் சீட்டும் ஆய்வறிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கையில் ஆங்கிலச் சொல்லறிவு கட்டாயமே. வால்வு, ஈசிஜி, ஸ்டெத்தாஸ்கோப் போன்றவற்றை வலிந்து பெயர்க்க வேண்டியதும் இல்லை. அவை ஊர்ப்புறத்து நாவிலும் இடம்பிடித்துவிட்டன. ஸ்டெத்தாஸ்கோப் என்னும் சொல்லுக்கே 'மார்பைப் பார்க்கும் கருவி' என்றுதான் பொருள். 1816இல் இலானெக் காகிதத்தைச் சுருட்டிக் காதில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்த கருவிக்கு அப்பெயர் பொருந்தவில்லை. உலகம் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. ஆகவே தமிழ்ச் சொற்களிடம் மட்டும் முழுப் பொருத்தம் தேடிச் சண்டையிடுவது வீண்வேலை.

சுமை என்னும் வாதம் வீழ்வது நோயாளியின் முன்னிலையில்தான். ஆங்கிலச் சொல்லை மட்டும் அறிந்த செவிலியருக்குப் பணி பாதியிலேயே நின்றுவிடுகிறது. எனவே செய்முறைத் தேர்வில் ஒரு சிறு மாற்றம் வேண்டும். இதயத்தின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்வதோடு, பள்ளி செல்லாத ஒருவருக்கு அதே படத்தை ஐந்து நிமிடம் விளக்கச் சொல்லலாம். அவர் கூறும் தொல்லைகளைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். மதிப்பெண்ணில் பாதியை அந்த ஐந்து நிமிடத்திற்கு ஒதுக்கினால், 'கரிக்குது' என்னும் சொல்லுக்கு எதிரே மாணவி எழுதுகோலை நிறுத்தி, "எப்போதிலிருந்து கரிக்குது? கை, தாடைப் பக்கம் வலி பரவுதா? வேர்த்ததா?" என்று கேட்பார்.