குளத்தில் நாலு அடி நடக்க பாட்டிக்கு இடம் கொடுங்கள்!

மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. டாக்டர் சொல்லி அனுப்பியது ஒரே வார்த்தை. "நடங்க!"

எங்கே நடப்பது? உங்கள் வீடு அஸ்தினாபுரம் பக்கம் என்றால் நான் சொல்லவே வேண்டாம். மெயின் ரோட்டுக்கு வந்தால் ஷேர் ஆட்டோ உரசிக்கொண்டு போகும். உள் தெருவில் மேடு பள்ளம், நாய். மழைக்காலம் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீட்டு ஹாலில் நாலு நாள் நடந்துவிட்டு, "வலிக்குதும்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று உட்கார்ந்துவிடுகிற மாமியாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த 'நாளைக்கு' ஆறு மாசமானால் தொடைச் சதை வற்றிவிடும், முழங்கால் இறுகிவிடும். அப்புறம் பாத்ரூமுக்குப் போகவே ஒரு ஆள் பிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்களுக்குத்தான் தண்ணீருக்குள் பயிற்சி. நீச்சல் தெரிய வேண்டாம். தண்ணீரில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தெரிந்தால் போதும்.

"சும்மா தண்ணிதானே, அதுல என்ன மருந்தா கலந்திருக்கு?" என்று கேட்பீர்கள். மருந்து கிடையாது. பாரம் குறைகிறது, அவ்வளவுதான்! எழுபது கிலோ எடையுள்ள ஒரு அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றால், காலில் இறங்கும் எடை சுமார் முப்பத்தைந்து கிலோ. மார்பளவு என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் ஏழெட்டு கிலோதான். தரையில் ஒரு அடி வைக்கப் பயப்படுகிறவர் அங்கே பத்து அடி வைக்கிறார். இன்னொரு சௌகரியம், தடுமாறினால்கூட தரையில் விழுகிற மாதிரி 'தொப்'பென்று விழுவதில்லை. தண்ணீர் மெதுவாகத்தான் விடும், அதற்குள் சுதாரித்துக்கொள்ளலாம். விழுந்து எலும்பு முறிந்தவர்களின் மனசில் இருக்கிற பயத்துக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது. காலை வேகமாக வீசினால் தண்ணீர் அதிகம் எதிர்க்கும், மெதுவாக வீசினால் குறைவாக எதிர்க்கும். எவ்வளவு உழைப்பது என்பது நம் கையில்.

ஆனால் 'அற்புத சிகிச்சை' என்று யாராவது பேக்கேஜ் விற்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். 2016-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்காக நடந்த 13 பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. வலி குறைகிறது, நடமாட்டம் கூடுகிறது. ஆனால் கொஞ்சம்தான், அதுவும் குறுகிய காலத்துக்கு என்றுதான் பதில் வந்தது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கதையும் அப்படித்தான். 1921-ல் போலியோ மாதிரி நோய் வந்து கால்கள் விளங்காமல் போயின. 1924-ல் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றுக்குப் போனார். தண்ணீரில் இறங்கியதும் கால் லேசானது, அவருக்கு ஒரே சந்தோஷம். அந்த இடத்தையே விலைக்கு வாங்கி மற்ற நோயாளிகளுக்கும் திறந்துவிட்டார். கடைசிவரை அவரால் துணையில்லாமல் நடக்க முடியவில்லை என்பதும் உண்மை.

அதனால் தண்ணீர்ப் பயிற்சி ஆரம்பம் மட்டும்தான். மாடிப்படி ஏறத் தரையில்தான் பழக வேண்டும். எலும்பு பலத்துக்கும் பாரம் தாங்கும் பயிற்சிதான் வேண்டும்.

சரி, குளத்துக்கு எங்கே போவது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மேடவாக்கம், பெரும்பாக்கம், தாம்பரம் பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளின் விளம்பரத்தைப் பாருங்கள், நீலக்கலரில் ஒரு நீச்சல் குளம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் குதிப்பார்கள். மற்ற நாள் பகலில் காக்காய்தான் குளிக்கிறது! அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு பாட்டி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"லாரித் தண்ணி வாங்குற ஊர்ல இதெல்லாம் தேவையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புதுசாக ஒரு குளம் வெட்டச் சொல்லவில்லை. ஏற்கெனவே நிரப்பி, வடிகட்டி, மாசா மாசம் பராமரிப்புப் பணம் நீங்கள் கட்டுகிற குளத்தில் வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள் என்கிறேன்.

பெரும் செலவு ஒன்றுதான். பல குளங்களில் இறங்குவதற்கு சுவரோடு ஒட்டிய செங்குத்தான எவர்சில்வர் ஏணிதான் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர் அதில் எப்படி இறங்குவார்? அகலமான நாலு படி, இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய், வழுக்காத தரை. இது போதும்.

இன்னொரு தடை, உடை. "காஸ்ட்யூம் இல்லாம இறங்கக் கூடாது மாமி" என்று செக்யூரிட்டி சொல்ல, அறுபத்தைந்து வயது அம்மா வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார். புடவையோடு இறங்குவது ஆபத்துதான், கால் சிக்கும். முழுக்கை, கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடை கடையில் கிடைக்கிறது. அந்த ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று வைத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

இறங்குவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். தையல் ஆறாத புண், சர்க்கரைக்காரரின் கால் புண், காய்ச்சல், அடங்காத ரத்த அழுத்தம், வலிப்பு, சமீபத்தில் மாரடைப்பு, இதயம் பலவீனமானவர்... இவர்கள் இறங்கவே கூடாது. தண்ணீரின் அழுத்தம் கால் ரத்தத்தை மேலே தள்ளும், இதயத்துக்கு வேலை கூடும். சிகிச்சைக் குளங்களில் தண்ணீரை 33 முதல் 35 டிகிரி வரை வெதுவெதுப்பாக வைப்பார்கள். நம் குளங்கள் மார்கழியில் சில்லென்று இருக்கும், மூட்டு இன்னும் இறுகும். அந்த மாசம் விட்டுவிடுங்கள். முதல் சில முறை பிசியோதெரபிஸ்ட் கூட இருக்கட்டும். முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி, பக்கவாட்டில் பத்தடி, கைப்பிடியைப் பிடித்து குதிகால் தூக்குவது. பதினைந்து நிமிஷம் போதும். ஏறும்போது தலை சுற்றலாம், படியில் கொஞ்சம் உட்கார்ந்து எழட்டும். தனியாக விடவே விடாதீர்கள்.

குளம் இல்லாதவர்கள் ஏரி, கோயில் குளம் என்று இறங்கிவிட வேண்டாம். ஆழமும் தெரியாது, சேறும் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளே நிறைய உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

குளம் இருக்கிறவர்கள் அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் வாயைத் திறங்கள். "ஃபண்டு இல்லை" என்றுதான் செயலாளர் முதலில் சொல்வார். கைப்பிடிக் குழாய்க்கு ஒரு கொட்டேஷன் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள்.