மைலேஜுக்காகக் காரை வெட்டாதீர்கள், பிள்ளைகளே!

 

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள், அதைவிட முக்கியமாகக் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த தம்பி ஒருவன் வடலூரில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறான். கடனில் வாங்கிய வண்டி. போன வாரம் போன் செய்தான். "சார், வண்டிக்கு அடியில ஷீட் அடிச்சு மூடி, முன்னாடி கிரில்லைப் பாதி அடைச்சு, கியர் ரேஷியோவையும் மாத்தித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. நாப்பதாயிரம் ஆகுமாம். மைலேஜ் நல்லா ஏறுமாம். செய்யலாமா சார்?" என்றான்.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிப் போன காலத்தில் இந்த ஆசை வருவது நியாயம்தான். நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று பதிலை இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், அந்த மெக்கானிக் சொல்கிற அறிவியல் பொய் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஓட்டுகிற சாலைக்கும் வேகத்துக்கும் அது நாற்பதாயிரம் பெறாது. மாற்ற வேண்டியது வண்டியை அல்ல, ஓட்டுகிற விதத்தை.

காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். நான் கணக்கு வாத்தியார் என்பது மறந்திருக்காதே!

ஓடுகிற காரை இரண்டு பேர் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் டயர். சாலையில் டயர் நசுங்கி நசுங்கி உருள்வதால் வருகிற இழுப்பு அது. ஓட்டுநரோடு சேர்த்து 1100 கிலோ உள்ள சின்னக் காருக்கு இது ஏறக்குறைய 13 கிலோ எடை தொங்குகிற அளவு. மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொருவர் காற்று. இவர் குணம் வேறு. வேகம் இரண்டு மடங்கானால் இவர் இழுப்பு நான்கு மடங்காகும். அதே காருக்கு உத்தேசமாக 40 கி.மீ. வேகத்தில் 5 கிலோ, 80-இல் 20 கிலோ, 100-இல் 31 கிலோ, 120-இல் 45 கிலோ.

இப்போது கூட்டிப் பாருங்கள். 40-இல் மொத்தம் 18 கிலோ. அதில் காற்றின் பங்கு வெறும் 5. நூறில் மொத்தம் 44 கிலோ. அதில் காற்று மட்டும் 31. ஆக, காற்று நம்மிடம் பெட்ரோல் திருடுவது உண்மை. ஆனால் அது நெடுஞ்சாலைத் திருடன். ஊருக்குள் அவனுக்கு அவ்வளவாக வேலை இல்லை.

அடியில் ஷீட் அடித்து, இடுக்குகளை அடைத்து, காற்றின் இழுப்பை 10 சதவீதம் குறைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். நூறில் போனால் 44-இல் 3 கிலோ குறையும், அதாவது 7 சதவீதம். நாற்பதில் போனால் 18-இல் அரை கிலோ, 3 சதவீதம்கூட இல்லை.

அதே ஆள் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல் 100-லிருந்து 80-க்கு இறங்கினால்? 44 கிலோ இழுப்பு 33 ஆகிறது. நாலில் ஒரு பங்கு போயே போச்சு! (எஞ்சினின் திறன் வேகத்துக்கு வேகம் மாறுவதால் பெட்ரோலில் அப்படியே கால் பங்கு மிஞ்சாது. ஆனாலும் ஷீட் அடித்து வருவதைவிட நிச்சயம் அதிகம்.)

"நேரம் ஆகுமே சார்" என்பீர்கள். விக்கிரவாண்டி தாண்டி சென்னை போகிற பெரிய சாலையில் ஒரு 120 கி.மீ. என்று வையுங்கள். நூறில் 72 நிமிடம், எண்பதில் 90 நிமிடம். வித்தியாசம் 18 நிமிடம். ஒரு டீக்கடையில் நின்று கிளம்புகிற நேரம்.

அடுத்து ரூபாய்க் கணக்கு. அந்தத் தம்பி மாதம் 3000 கி.மீ. ஓட்டுகிறான், லிட்டருக்கு 15 கிடைக்கிறது என்று வையுங்கள். மாதம் 200 லிட்டர், சுமார் 20,000 ரூபாய். நம்ம ஊர் ஓட்டத்தில் 3 சதவீதம் மிச்சம் என்றால் 600 ரூபாய். போட்ட நாற்பதாயிரம் திரும்பி வர ஐந்தரை வருடம். அதற்குள் அந்த ஷீட் நம்ம சாலைப் பள்ளத்தில் எத்தனை முறை கழன்று விழும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்!

கியர் விஷயத்துக்கு வருகிறேன். சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் கியர் ரேஷியோ. இதைக் குறைத்தால் அதே வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், உள் உராய்வு குறையும், எரிபொருள் மிஞ்சும். சரிதான். ஆனால் கம்பெனிக்காரர்கள் இதைத் தெரியாதவர்களா? 1983-இல் வந்த மாருதி 800-க்கு நாலு கியர்தான். இன்றைய கார்களுக்கு ஐந்து, ஆறு. கடைசி கியரே இந்த வேலைக்காக வந்ததுதான். அதற்கு மேலும் குறைத்தால் சக்கரத்துக்குப் போகிற இழுவையும் குறையும். ஐந்து பேர், லக்கேஜ், ஏசி என்று மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறும். நாலாவது கியருக்கு இறங்குவீர்கள். மிச்சம் பிடித்தது அங்கேயே செலவாகிவிடும்.

சிலர் கியர் பெட்டியைத் தொடாமல் பெரிய டயர் மாட்டுகிறார்கள். பலன் ஏறக்குறைய அதேதான், கூடவே ஒரு வம்பும் வரும். டயர் 5 சதவீதம் பெரிதானால், மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 105-இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

கிரில்லை அடைப்பது குளிர் நாட்டில் சரிப்படும். நெய்வேலி அக்னி நட்சத்திர வெயிலில் ரேடியேட்டருக்குக் காற்றை மறைத்தால் எஞ்சின் கொதித்து நிற்கும். சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஷீட் அடிப்பதோ, சொல்லவே வேண்டாம், தீயோடு விளையாட்டு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தயாரிப்பாளர் கொடுத்து, பதிவுச் சான்றில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம் என்று வைத்தார்கள். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது வண்டியில் என்ன மாற்றினாய் என்றுதான். வாடகை வண்டி ஓட்டுகிறவனுக்கு இது வயிற்றுப் பிழைப்பு. பந்தயம் கட்டுகிற இடம் இல்லை.

அப்படியானால் காற்றை வெல்லும் அறிவே வேண்டாமா? வேண்டும், அது சேர வேண்டிய இடத்தில். 1970-களில் நாசாவின் விமான ஆராய்ச்சி மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியாளர் சைக்கிளில் வேலைக்குப் போவாராம். பக்கத்தில் லாரி கடக்கும்போது முதலில் வெளியே தள்ளுவதையும், பிறகு உள்ளே இழுப்பதையும் கவனித்தார். நாமும் வடலூர் நால்ரோட்டைத் தாண்டி சேத்தியாத்தோப்பு ரோட்டில் டூவீலரில் போகும்போது அனுபவிக்கிறதுதான். நாம் திட்டிவிட்டுப் போகிறோம், அவர் யோசித்தார். ஒரு வேனைத் தகரத்தால் செவ்வகப் பெட்டி மாதிரி மூடி, பிறகு அதன் முனைகளை ஒவ்வொன்றாக வளைத்துச் சோதித்தார்கள். முனைகளை உருட்டியதிலேயே காற்றின் இழுப்பு பாதியளவு குறைந்தது. இன்றைக்கு லாரி கேபின் மேல் சரிவாக ஒரு தடுப்பு இருக்கிறதே, அதெல்லாம் இந்த மாதிரி ஆராய்ச்சிகள் கொடுத்த பலன்தான்.

கூரை உயரத்துக்குச் சரக்கு ஏற்றி, நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு ஐந்து சதவீதம் மிச்சம் என்றாலும் பெரிய பணம். கியர் விகிதமும் அப்படியே. மலைக்கு எது, சமவெளிக்கு எது என்று வாங்கும்போதே பார்த்து எடுக்க வேண்டியது. லாரி வைத்திருக்கிற என் மாணவர்கள் பாடி கட்டுகிறவரிடம் இதைக் கேளுங்கள். ஒன்றும் முடியாவிட்டால் தார்ப்பாயையாவது படபடக்காமல் இழுத்துக் கட்டுங்கள்.

பாலிடெக்னிக், பொறியியல் படிக்கிற பேரப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். கோவை ஜி.டி. நாயுடு வாங்கிய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்றவர். நீங்களும் கழற்றுங்கள். ஆனால் கல்லூரிப் பட்டறையில், பேராசிரியர் பார்வையில், சோதனை வண்டியில். கடன் கட்டி முடியாத அடுத்தவர் வண்டியில் வேண்டாம்.

கார்க்காரர்கள் காசில்லாமல் செய்ய வேண்டியவை இவைதான்:

சபரிமலை சீசன் முடிந்தும் கூரையில் நிற்கிற காலி கேரியரைக் கழற்றுங்கள். காற்றைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

டயர் காற்றை 15 நாளுக்கு ஒரு முறை, வண்டி சூடாகும் முன் பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும்.

பிரேக்கைக் குறையுங்கள். 60-இல் வருகிற காரை ஒரு முறை நிறுத்தினால், அதே வேகத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய சக்தி பிரேக்கில் சூடாகப் போகிறது. ஆர்ச் கேட் வருவது தெரியும்தானே? முன்னதாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

பெரிய சாலையில் 80.

கடைசியாக ஒன்று. காசு செலவழித்து மாற்றியவர்கள் எல்லோரும் "மைலேஜ் ஏறிவிட்டது" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. பணம் போட்ட பிறகு மைலேஜைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டுவார்கள். ஏறியது ஷீட்டாலா, காலாலா? தெரிந்துகொள்ள ஒரே வழிதான். ஒரே பங்கில் டேங்கை நிரப்பி, ஒரே சாலையில் ஓட்டி, மறுபடி நிரப்பி, நோட்டில் எழுதுங்கள். நாலைந்து முறை எழுதினால் உண்மை தெரியும். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன்: "முதலில் ஒரு மாதம் எண்பதில் ஓட்டி நோட்டுப் போடுப்பா. அதற்குப் பிறகும் நாற்பதாயிரம் கொடுக்கத் தோன்றினால் பேசலாம்."

லாரி, டாக்சி ஓட்டுகிற பிள்ளைகள் உங்கள் வண்டிக் கணக்கைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் மாறுபாடு இருந்தால் அதையும் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவனை நான் என்றைக்கும் உட்கார வைத்ததில்லை.

பத்திரமாக ஓட்டுங்கள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.