265 மில்லியன் டாலருக்குத் தகுதியா? அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்கள் யாருடைய கணக்கைப் போடுகிறார்கள்

2025 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் அணி, தன் குவார்ட்டர்பேக் பிராக் பர்டியுடன் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 26.5 கோடி டாலர். அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 5.3 கோடி டாலர்.

இதே பர்டி 2023 சீசனில் வாங்கிய சம்பளம் 8.7 லட்சம் டாலர். அந்த சீசனில்தான் அவர் அணியை சூப்பர் பவுல் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். அறுபது மடங்குக்கும் மேல் சம்பள உயர்வு!

ஒப்பந்தம் வெளியானதும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 'உழைச்சவருக்குக் கொடுக்கிறாங்க, இதில் என்ன தப்பு?' என்றது ஒரு கட்சி. 'இவருக்கே இவ்வளவு கொட்டினா மத்தவங்களை எப்படி வைச்சுக்கிறது? இவர் ஜெயிச்சதே கோச்சாலும் கூட ஆடினவங்களாலும்தானே?' என்றது இன்னொரு கட்சி.

அணியின் பெயரில் சான் பிரான்சிஸ்கோ இருந்தாலும், சொந்த மைதானம் இருப்பது சான்டா கிளாராவில். சிலிக்கான் வேலியின் நடுவில், தமிழ் ஐ.டி. குடும்பங்கள் நிறைய வசிக்கும் பகுதி அது. அங்கே அலுவலக மதிய உணவு மேஜையில் ஓடும் இந்த விவாதம், விளையாட்டைப் பற்றியது மட்டும் அல்ல. ஒருவரின் உழைப்புக்கு யார் விலை வைப்பது என்பதைப் பற்றியதும்கூட.

கடைசி ஆளாக வந்தவர்

குவார்ட்டர்பேக் என்றால் யார்? தாக்குதல் ஆட்டத்தை நடத்துபவர். ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வரும். எதிரணி ஆட்கள் பாய்ந்து வருவதற்குள், யாருக்கு எறிவது என்று மூன்று நான்கு விநாடியில் முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் இந்த இடத்துக்கு மற்ற எந்த இடத்தையும்விட அதிகச் சம்பளம்.

என்எஃப்எல் லீகில் 32 அணிகள். கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் இளைஞர்களை ஆண்டுதோறும் ஏப்ரலில் நடக்கும் டிராஃப்ட் மூலம் எடுப்பார்கள். ஏழு சுற்றுகள். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. 1936இல் தொடங்கிய முறை இது. ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே யாரும் கைதூக்கி விலையை ஏற்ற முடியாது. எந்த அணி பெயரைச் சொல்கிறதோ, அந்த அணியோடு மட்டும்தான் அந்த வீரர் ஒப்பந்தம் பேச முடியும்.

2022 டிராஃப்டில் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பர்டி எடுக்கப்பட்டது 262ஆவது ஆளாக. அந்த ஆண்டின் கடைசி ஆள் அவர்தான். கடைசியாக வருபவருக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று ஒரு பட்டமே உண்டு. 'பொருட்படுத்தத் தேவையில்லாதவர்' என்று அர்த்தம். வேடிக்கைக்குத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் அந்தப் பட்டம் சுமந்தவர்களில் பலரின் பெயர் பிறகு கேள்விப்படாமலே போயிருக்கிறது.

பர்டி விஷயத்தில் கதை மாறியது. அந்த சீசனின் இரண்டாவது வாரத்தில் முதன்மை குவார்ட்டர்பேக் டிரே லான்ஸின் கணுக்கால் முறிந்தது. டிசம்பரில் அடுத்தவரான ஜிம்மி கரோப்போலோவின் பாதம் முறிந்தது. மூன்றாவது ஆளாக உள்ளே வந்த பர்டி, தான் தொடக்கத்திலிருந்து ஆடிய ஐந்து லீக் போட்டிகளையும் வென்றார். நாக்அவுட்டில் மேலும் இரண்டு. 2023 ஜனவரியில் பிலடெல்பியாவுக்கு எதிரான அரையிறுதிக்கு இணையான போட்டியில் முழங்கைத் தசைநார் கிழிந்தது, அணி தோற்றது. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி வந்து, 2023 சீசனில் 4,280 யார்டு எறிந்து அணியின் சாதனையை முறியடித்தார். 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் கான்சாஸ் சிட்டியிடம் கூடுதல் நேரத்தில் 25-22 என்று தோல்வி.

அப்படியானால் ஏன் 8.7 லட்சம்?

இங்கேதான் பலர் கவனிக்காத விதி வருகிறது. 2011இல் லீகும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, டிராஃப்டில் வரும் புதியவரின் முதல் நான்கு ஆண்டுச் சம்பளம் அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே பெரும்பாலும் முடிவாகிவிடும். மூன்று சீசன் முடியும்வரை அதைத் திருத்தி எழுத முடியாது. அணியே விரும்பினாலும் முடியாது. அதிகம் ஆடும் குறைந்த சம்பளக்காரர்களுக்கு ஒரு பொது நிதியிலிருந்து கொஞ்சம் கூடுதல் தொகை கிடைக்கும், அவ்வளவுதான்.

அதே அணியில் இருந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். 2021 டிராஃப்டில் மூன்றாவது இடத்தில் டிரே லான்ஸை எடுப்பதற்காக ஃபோர்ட்டி நைனர்ஸ் தன் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும், கூடவே ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் மியாமிக்குத் தாரை வார்த்தது. லான்ஸின் நான்கு ஆண்டு ஒப்பந்தம் சுமார் 3.4 கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம். பர்டி கையெழுத்திட்ட நான்கு ஆண்டு ஒப்பந்தம் சுமார் 37 லட்சம் டாலர். அந்த அணிக்காக லான்ஸ் தொடக்கத்திலிருந்து ஆடியது நான்கே போட்டிகள். 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு அவரை டல்லாஸுக்குக் கைமாற்றினார்கள்.

இதில் லான்ஸின் குற்றம் எதுவும் இல்லை. காயம் யார் கையிலும் இல்லை. ஆனால் ஒருவரின் சம்பளம் அவர் செய்யும் வேலையால் தீர்மானிக்கப்படவில்லை, அவர் 22 வயதில் எந்த வரிசையில் நின்றார் என்பதால் தீர்மானிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த முதல் சம்பளம், அடுத்தடுத்த வேலையிலும் நிழலாகத் தொடர்வதை அனுபவித்தவர்களுக்கு இது புரியும்.

உச்சவரம்பு செய்யும் வேலை

1994 முதல் என்எஃப்எல்லில் சம்பள உச்சவரம்பு உண்டு. முதல் ஆண்டில் ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர். 2025இல் 27.92 கோடி. பணக்கார அணியோ சின்ன ஊர் அணியோ, எல்லோருக்கும் ஒரே தொகை. இதற்குள்தான் 53 பேர் கொண்ட அணியை நடத்த வேண்டும்.

2023இல் உச்சவரம்பு 22.48 கோடி. அதில் பர்டியின் பங்கு அரை சதவீதம்கூட இல்லை. மிச்சப்பட்ட பணத்தில் மற்ற இடங்களில் நட்சத்திரங்களை வைத்துக்கொள்ள அணியால் முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சின்சினாட்டியின் ஜோ பர்ரோ ஆண்டுக்கு 5.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அவர் 2020 டிராஃப்டின் முதல் ஆள். இருவரும் செய்யும் வேலை ஒன்றுதான்.

அந்த ஆண்டுகளில் ரசிகர்கள் பர்டியை எப்படிக் கொண்டாடினார்கள்? 'லீகிலேயே மலிவான லாபம்' என்று. கொஞ்சம் நின்று யோசித்தால் இது விசித்திரம். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மனிதர்கள், இன்னொரு சம்பளக்காரருக்குக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று சந்தோஷப்படுகிறார்கள். அவருக்கு உரிய தொகை கிடைத்ததும் 'அணிக்கு பாரம்' என்கிறார்கள். தங்கள் அலுவலகத்தில் ஹெச்.ஆர். பேசினால் கோபம் வரும் அதே மொழியை, விளையாட்டு என்றதும் தாங்களே பேசுகிறார்கள்.

உச்சவரம்பின் சாமர்த்தியம் இதுதான். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நடக்க வேண்டிய பேரத்தை, வீரருக்கும் வீரருக்கும் இடையே நடக்கும் சண்டையாக அது மாற்றிவிடுகிறது. ரசிகரும் தன்னை அறியாமல் அணி நிர்வாகத்தின் கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறார்.

ரசிகர் சொல்வதிலும் நியாயம் உண்டு

இதற்கு வலுவான பதில் ஒன்று இருக்கிறது. பர்டிக்குக் குறைத்துக் கொடுத்தால் அந்தப் பணம் முதலாளி பாக்கெட்டுக்குப் போவதில்லை, இன்னொரு வீரருக்குப் போகிறது. 2020இல் போட்ட ஒப்பந்தப்படி லீக் வருமானத்தில் ஏறத்தாழ 48 சதவீதம் வீரர்களுக்கு. அந்தப் பங்கைத் தங்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி. அப்படியிருக்க, ஒரே ஆள் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது நியாயமா?

நடந்ததையும் பாருங்கள். பர்டி ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 2025 மார்ச்சில், டீபோ சாமுவேல் வாஷிங்டனுக்குப் போனார். டிரே கிரீன்லா, டலனோவா ஹுஃபாங்கா இருவரும் டென்வருக்குப் போனார்கள். சார்வேரியஸ் வார்ட் இண்டியானாபொலிஸுக்கு. வரப்போகும் பெரிய ஒப்பந்தத்துக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்ததும் இதற்கு ஒரு காரணம். இவர்களை நேசித்த ரசிகருக்குக் கோபம் வருவது இயல்பு. உச்சவரம்பு இல்லாவிட்டால் பணக்கார அணிகளே எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகும் என்பதும் உண்மை.

ஆக, 'இந்த விலைக்கு இவரை வைத்துக்கொண்டால் அணி எப்படி அமையும்?' என்பது நல்ல கேள்வி. சிக்கல் எங்கே என்றால், அந்தக் கேள்வி சீக்கிரமே 'இவருக்கு இதற்கெல்லாம் தகுதி உண்டா?' என்று மாறிவிடுகிறது. பட்ஜெட் பற்றிய பேச்சு, ஒரு மனிதரின் தகுதி மீதான தீர்ப்பாகிவிடுகிறது.

'எல்லாம் சிஸ்டம்தான்' என்ற வாதம்

அந்தத் தீர்ப்புக்கு ரசிகர்கள் நீட்டும் ஆதாரம், தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷானஹன். அவர் வகுக்கும் ஆட்டமுறையில் யாரை நிறுத்தினாலும் ஆடுவார்கள் என்பது வாதம். 2024இல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி நான்கு போட்டி மட்டுமே ஆட முடிந்தது, பிராண்டன் ஐயுக் காயத்தால் பாதியில் வெளியேறினார், அணி 6-11 என்று முடித்தது. 'பார்த்தீங்களா, ஆள் இல்லாட்டி பர்டியால முடியல' என்றார்கள். 2025இல் பர்டி கால் விரல் காயத்தால் விலகியபோது, மாற்று ஆட்டக்காரர் மேக் ஜோன்ஸ் எட்டுப் போட்டிகளில் ஐந்தை வென்றார். 'பார்த்தீங்களா, அவர் இல்லாமலும் ஜெயிக்கலாம்' என்றார்கள்.

கவனியுங்கள். தோற்றால் பர்டியின் குறை, வென்றால் சிஸ்டத்தின் பெருமை. இப்படி இருந்தால் எந்த முடிவு வந்தாலும் அவர் தோற்றவர்தான். அதே சிஸ்டத்தில்தான் லான்ஸும் இருந்தார் என்பது மட்டும் வசதியாக மறந்துபோகும். பதினொரு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒருவரின் பங்கைத் தனியாகப் பிரித்தெடுப்பது, நன்றாக ஓடும் ஒரு நிறுவனத்தில் ஒரே ஓர் ஊழியரின் பங்கைக் கண்டுபிடிப்பதைப் போலக் கடினம்.

தொழிலாகவே இதைச் செய்பவர்களுக்கும் இது பிடிபடவில்லை. பொருளாதார நிபுணர்கள் கேட் மாஸியும், பின்னாளில் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டை ஆராய்ந்தார்கள். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு வீரர்களில், முதலில் எடுக்கப்பட்டவர் பின்னவரைவிட நன்றாக ஆடிய வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தான். நாணயம் சுண்டுவதைவிட ஒரு துளி மேல்!

ஃபோர்ட்டி நைனர்ஸுக்கே பழைய பாடம் ஒன்று உண்டு. பக்கத்து ஊர் சான் மட்டேயோவில், அந்த அணியை நேசித்தே வளர்ந்த ஓர் இளைஞன் 2000 டிராஃப்டில் காத்திருந்தான். அணி மூன்றாம் சுற்றில் ஜியோவானி கார்மாஸி என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவர் ஒரு லீக் போட்டிகூட ஆடவில்லை. காத்திருந்தவரை 199ஆவது ஆளாக நியூ இங்கிலாந்து எடுத்தது. அவர் பெயர் டாம் பிரேடி. ஏழு சூப்பர் பவுல் வென்றார்.

என்ன கேட்கலாம்?

ஃபோர்ட்டி நைனர்ஸ் கடைசியாக சூப்பர் பவுல் வென்றது 1995 ஜனவரியில். முப்பது வருஷக் காத்திருப்பு. அவர்களின் ரசிகர்கள் விவாதிக்காமல் இருக்கச் சொல்ல யாராலும் முடியாது, சொல்லவும் வேண்டியதில்லை. எந்த வீரரை எடுப்பது, யாரை விடுவது என்று வாதாடுவதுதான் ஆட்டம் இல்லாத மாதங்களில் ரசிகனுக்குச் சோறு.

ஆனால் பர்டியின் 5.3 கோடியை அலசும் அதே உற்சாகத்தோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்கலாம். உடல் நொறுங்கும் இந்த ஆட்டத்தில் பெரும்பாலானவர்களின் ஆட்ட வாழ்க்கை ஒரு சில ஆண்டுகளே. அப்படியிருக்க மூன்று சீசன் வரை சம்பளத்தைத் திருத்தக் கூடாது என்ற விதி யாருக்கு லாபம்? பர்டி தப்பிப் பிழைத்து இரண்டாவது ஒப்பந்தத்தைத் தொட்டார். குறைந்த சம்பளத்தில் நன்றாக ஆடி, அதற்குள் முட்டி போய், வெளியேறியவர்களின் கணக்கை யார் தீர்ப்பது? மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை வீணடித்த முடிவுக்கு உச்சவரம்பில் எங்கே கழிவு? பயிற்சியாளர்களின் சம்பளத்துக்கும் உரிமையாளர்களின் லாபத்துக்கும் ஏன் உச்சவரம்பு இல்லை?

8.7 லட்சத்துக்கு ஆடியபோது பர்டி அணிக்குக் கொடுத்தது, அவர் வாங்கியதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த மிச்சத்தில்தான் அணி சூப்பர் பவுல் வரை போனது. 26.5 கோடியில் ஒரு பகுதி, அந்தப் பழைய பாக்கி. அதை வாங்கிக்கொண்டதற்காக அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.