நோட்பேட்++: திறந்ததும் திறக்கும் எடிட்டர்

நிரல் எழுதுபவர்கள் எடிட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார்கள். என்னென்ன வசதி, எத்தனை ப்ளக்-இன் என்றே பேச்சு போகும். க்ளிக் செய்ததும் திறக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பழைய கணினியை வைத்துக்கொண்டு நிரல் பழகும் மாணவருக்கோ முதல் கேள்வியே அதுதான்!

நோட்பேட்++ பிறந்ததும் அந்தக் கேள்வியால்தான். டான் ஹோ தன் அலுவலகத்தில் ஜெக்ஸ்ட் என்ற எடிட்டரைப் பயன்படுத்தி வந்தார். அது ஜாவாவில் எழுதப்பட்டது. அதன் வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. சி++ மொழியில் வேறொன்று எழுதலாம் என்ற யோசனையை நிறுவனம் ஏற்கவில்லை. ஓய்வு நேரத்தில் தானே எழுதி, 2003 நவம்பரில் வெளியிட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதவும் இல்லை. நிரலைத் திரையில் காட்டுவது, வண்ணமிடுவது போன்ற வேலைகளை நீல் ஹாட்ஜ்சனின் ஸின்டில்லா என்ற கட்டற்ற மென்பொருளிடம் விட்டுவிட்டார். மற்றவற்றுக்கு விண்டோஸின் வின்32 ஏபிஐ-யை நேரடியாக அழைத்தார். நடுவில் கனமான அடுக்கு எதுவும் இல்லை, அதனால்தான் வேகம். விலையும் உண்டு: அவர் வெளியிடுவது விண்டோஸுக்கு மட்டுமே.

"லேசாக இருந்தால் விருப்பப்படி மாற்ற முடியாதே" என்பார்கள். சரி, மாற்றுவதற்கென்றே வந்த ஆட்டம் என்ன ஆனது? 2014-ல் கிட்ஹப் அதை வெளியிட்டபோது, எந்தப் பகுதியையும் பிரித்து மேயலாம் என்பதே அதன் பெருமை. ஆனால் உள்ளே ஒரு முழு க்ரோமியம் உலாவி உட்கார்ந்திருந்தது. ஆரம்பப் பதிப்புகளில் 2 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைத் திறக்கவே முடியவில்லை! 2022 டிசம்பர் 15-ல் கிட்ஹப் அதை மூடியது. மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை வாங்கியதும், விஎஸ் கோட் வளர்ந்ததும் பெரிய காரணங்கள்தான். ஆனால் விஎஸ் கோடும் அதே உலாவி மேல் கட்டியதுதானே? அங்கே நீட்சிகள் தனி ப்ராசஸில் ஓடுகின்றன. ஒன்று திணறினாலும் தட்டச்சு நிற்பதில்லை. மாற்றும் வசதி கொடுத்தவர்கள் அதன் சுமையையும் யோசித்திருந்தார்கள்.

நோட்பேட்++ இந்த விஷயத்தில் அவ்வளவு பத்திரமில்லை. அதன் ப்ளக்-இன்கள் டிஎல்எல் கோப்புகள், எடிட்டருக்குள்ளேயே ஓடும். மோசமான ஒன்று எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். ஆனால் பலருக்கு ப்ளக்-இன் தேவையே படாது. புதிதாக ஒரு மொழி வந்தால் அதன் குறிச்சொற்களைப் பட்டியலிட்டு வண்ணம் கொடுத்துக்கொள்ள ஒரு சாளரம் போதும். ஆயிரம் வரிகளின் கடைசியில் காற்புள்ளி போட வேண்டுமா? ஒரு வரியில் செய்து காட்டி மேக்ரோவாகப் பதிந்து, கோப்பின் முடிவு வரை ஓடவிட்டால் ஆயிற்று. இதற்கு நிரல்கூட எழுத வேண்டாம்.